அல்காமோ நகரத்து மணமகள்

இத்தாலி நாட்டைச் சேர்ந்த சிசிலித் தீவில் மாபியா என்னும் கள்ளக்கூட்டம் தன் அடிப்படைப் பிரிவைக் 'குடும்பம்' என்றே வழங்கும். ஆதலால் அத்தீவில் ஒரு வீட்டுக்குப் பெண் கொடுப்பது சில வேளைகளில் ஒரு கூட்டத்திற்கே பெண் கொடுப்பதாக முடிந்துவிடும். அல்காமோ நகரில் வாழ்ந்த பெர்னார்தோ வியோலா என்ற எளிய உழவர் இதனைக் காலத்தால் உணர்ந்தவர்.

அவருடைய மகள் பிராங்காவுக்குப் பதினைந்து வயதில் பிலிப்போ மெலோதியா என்ற இளைஞனோடு மணம் உறுதி செய்யப்பட்டது. மெலோதியா செல்வன், மாபியாத் தலைவர் வின்சென்சோ ரிமியின் மருமகன். சில காலத்திற்குள் அவன் திருட்டு வழக்கில் கைதாகவே, பெர்னார்தோ அந்த உறுதியை முறித்துவிட்டார். பின்னர் பிராங்கா, தான் இளமை முதல் அறிந்த ஜியூசெப்பே ரூயீசியை விரும்பினாள். இரு வீட்டாரும் இசைந்தனர்.

மெலோதியா இசையவில்லை. வியோலா குடும்பத்தின் திராட்சைத் தோட்டம் அழிக்கப்பட்டது, களஞ்சியம் கொளுத்தப்பட்டது. பெர்னார்தோ பணியவில்லை. 1965ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள், மெலோதியா தன் கூட்டாளிகளோடு வீடு புகுந்து, பதினேழு வயதுப் பிராங்காவையும் அவளைப் பற்றிக்கொண்டு விடாத எட்டு வயதுத் தம்பியையும் தூக்கிச் சென்றான். சிறுவனை விரைவில் விடுவித்தனர். அவளை எட்டு நாள் அடைத்துவைத்தனர்; மெலோதியா அவளைக் கற்பழித்தான்.

இத்தகைய கொடுமை நிகழ்வதற்குச் சட்டமே இடமளித்திருந்தது என்பதைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1930ஆம் ஆண்டு இத்தாலியத் தண்டனைச் சட்டத்தின் 544ஆம் பிரிவு, கற்பழித்தவன் அப்பெண்ணையே மணந்துகொண்டால் குற்றம் நீங்கிவிடும் என்று கூறியது. மணக்க மறுத்தால் மானம் போயிற்று என்று ஊர் பேசும். கடத்தியவனுக்கு இதனினும் வாய்ப்பான ஏற்பாடு வேறென்ன வேண்டும்? காதலர் இருவர் தாமே வீட்டை விட்டுச் செல்லும் வழக்கமும் சிசிலியில் உண்டு. அதற்கு 'புயித்தீனா' என்று பெயர். நம் அகப்பொருள் நூல்கள் கூறும் உடன்போக்கை ஒத்தது அது. ஆனால் இராக்கத மணத்திற்கு உடன்போக்கின் ஆடையை உடுத்திவிடுவதும் ஆங்கே எளிதாக இருந்தது. நீதிமன்றத்தில் மெலோதியா தரப்பினர் கூறியதும் அதுவே: அவள் விரும்பியே வந்தாளாம்!

மெலோதியா வீட்டார் சமாதானம் பேச வந்தபோது, பெர்னார்தோ காவல் துறையினரோடு கலந்து, மணத்திற்கு இசைவது போல நடித்தார். 1966 ஜனவரி 2ஆம் நாள் காவலர் புகுந்து பிராங்காவை மீட்டனர். அவனை மணக்க மாட்டேன் என்றாள் அவள். தந்தை அவள் பக்கம் நின்றார். படிப்பறிவு மிகாத அவ்வுழவரின் இச்செயலை மகளின் துணிவுக்கு ஒரு படியும் குறைத்து மதிக்க எனக்கு மனம் வரவில்லை. ஊராரில் ஒரு சாரார் அவர்களை ஒதுக்கினர், மிரட்டல்களும் ஓயவில்லை.

திராப்பானி நீதிமன்றம் 1966 டிசம்பரில் மெலோதியாவுக்குப் பதினோராண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் அது பத்தாண்டாயிற்று. கூட்டாளிகள் பலரும் தண்டனை பெற்றனர்.

ரூயீசியைப் பற்றி எழுதுவோர் குறைவு. மிரட்டலும் ஊர்ப்பேச்சும் அவரையும் விடவில்லை. எனினும் தாம் விரும்பிய பெண்ணையே மணப்பேன் என்று உறுதியாக நின்றார். தம்மையும் அவளையும் காத்துக்கொள்ளத் துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். 1968 டிசம்பரில் திருமணம் நடந்தது. குடியரசுத் தலைவர் சரகாத் பரிசு அனுப்பினார். போப்பாண்டவர் ஆறாம் பவுல் மணமக்களை வரவேற்று வாழ்த்தினார். இவ்வரலாற்றைத் தழுவி 1970இல் தமியானோ தமியானி ஒரு திரைப்படமும் எடுத்தார்.

மெலோதியா 1976இல் விடுதலையாகி, வட இத்தாலியில் மொதேனாவுக்கு அருகே 1978இல் சுட்டுக் கொல்லப்பட்டான்.

சட்டம் மட்டும் விரைந்து மாறவில்லை. தீர்ப்புக்குப் பின் பதினைந்தாண்டுகள் கழித்து, 1981இல்தான் 544ஆம் பிரிவு நீக்கப்பட்டது. மானத்தின் பெயரால் கொலை செய்தவனுக்குத் தண்டனையைக் குறைத்த பிரிவும் அதனோடு ஒழிந்தது. கற்பழிப்பு என்பது பொது ஒழுக்கத்திற்கு எதிரான குற்றம் என்னும் நிலை மாறி, ஒருவரின் உடலுக்கும் உரிமைக்கும் இழைத்த குற்றம் என்று அந்நாட்டுச் சட்டம் ஒப்புக்கொண்டது 1996இல். பிராங்கா அம்மையாருக்குக் குடியரசுத் தலைவர் நப்போலித்தானோ உயர் விருது அளித்தது 2014 மார்ச் 8, உலக மகளிர் நாளன்று.