பந்துக்கு இல்லாத தீட்டு

ஆடுகளத்தில் சாதி இல்லை, அங்கே ஆற்றலுக்கே அரியணை என்று அடித்துப் பேசுவோர் உண்டு. அவர்கள் முன் பல்வங்கர் பாலுவின் வரலாற்றை வைக்கிறோம்.

தோல் தொழிலுக்கென ஒதுக்கப்பட்ட சமார் சாதியில் 1876 இல் பிறந்தவர் பாலு. பூனாவில், வெள்ளையர் கிளப்பில் களம் பெருக்கினார், உருளை இழுத்தார், துரைமார்கள் மட்டை பிடித்துப் பழகப் பந்து வீசினார். வீசி வீசியே இணையற்ற வீச்சாளரானார்.

அவ்வூர் இந்துக் குழுவினருக்கோ வெள்ளையரை வெல்ல ஆசை. எனவே பாலுவை அழைத்தனர். அவர் தொட்ட பந்தைத் தாமும் தொட்டனர். தேநீர் வேளை வந்தது. அவர்களுக்கு உள்ளே கோப்பை. பாலுவுக்கு வெளியே மண் குவளை! தோலால் ஆன பந்துக்குத் தீட்டில்லை. அத்தோலைப் பதனிடும் குலத்தில் பிறந்தவனுக்குத் தீட்டு! இதுதான் இவர்கள் கண்ட தருமம்!

பின்னர் பாலு பம்பாய் சென்றார். 1906 இல் அங்கே இந்துக் குழு வெள்ளையரை 109 ஓட்டங்களில் வென்றது. அவ்வெற்றியில் பாலுவின் பங்கு பெரிது. 1911 இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் குழுவில் 114 விக்கெட்டுகளைச் சாய்த்தார். புகழ்ந்தனர், பாராட்டினர். தலைமை தந்தனரா? இல்லை! அது மேல்சாதியாருக்கே சென்றது.

1920 இல் பாலு குழுவிலிருந்தே நீக்கப்பட்டார். தம்பி விட்டலுக்கு உரிய தலைமையும் மறுக்கப்பட்டது. விட்டலும் உடன்பிறந்த சிவராமும் கெஞ்சினரா? இல்லை. பிறப்பைக் காட்டி இழிவு செய்யும் குழுவில் ஆடோம் என விலகினர்; காரணத்தை ஊரறியச் சொன்னர். மூன்றே ஆண்டுகள்! 1923 இல் விட்டல் தலைவரானார். வெள்ளையரை வென்றார். மேல்சாதியாரே அவரைத் தோளில் தூக்கி மகிழ்ந்தனர்.

தோழர்களே! ஆற்றல் பாலுவைக் களத்துக்குள் கொண்டு வந்தது. ஆனால் பந்தலுக்கு வெளியேதான் நிறுத்தியது. தன்மானம் கொண்ட மறுப்பே தலைமைக்கு வழி திறந்தது. விளையாட்டு தானாகச் சாதியை ஒழிக்காது. ஒழிக்கும் கருவியாக அதை நாம்தான் ஏந்த வேண்டும்.

பள்ளி ஆடுகளத்தை நாள்தோறும் காணும் ஆசிரியர் நாம். உங்கள் ஊர்க் குழுவை உற்றுப் பாருங்கள். வியர்வை சிந்துவோர் யார், தண்ணீர்க் குடத்தைத் தொடக்கூடாதோர் யார், தலைவர் யார் என்று கேளுங்கள். கேள்வி எழும் இடத்தில்தான் ஆட்டம் நேர்மையாகத் தொடங்கும்.