வறண்ட நிலத்துக் கமக்காரர்

மேற்கு ஆபிரிக்காவிலே, சகாராப் பாலைவனத்தின் தென் ஓரமாகக் கிழக்கு மேற்காய் நீண்டு கிடக்கும் வறண்ட நிலத்தைச் சாகேல் என்பர். அந்நிலத்து நாடுகளுள் ஒன்று புர்க்கினா பாசோ. 1960ஆம் ஆண்டிற் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற அந்நாடு, 1984 வரை மேல் வோல்ற்றா என்று வழங்கிற்று. அதன் வடபுலத்தில் யாத்தெங்கா என்னும் மாகாணமும், அம்மாகாணத்தின் தலைப்பட்டினமாகிய வாகிகூயாவும் உள. அப்பட்டினத்தின் அயலிலுள்ள கூர்கா என்னும் கிராமத்தில் 1946ஆம் ஆண்டளவிற் பிறந்து, 2023 டிசெம்பர் 3ஆம் நாள் மறைந்த யாக்கூபா சவடோகோ என்னும் கமக்காரரின் வாழ்வு, ஊருக்கு உழைத்தோர் வரலாற்றில் இடம்பெறத் தக்கது.

இளமையில் அவரைக் குர்ஆன் ஓதுவதற்காக அயல்நாடாகிய மாலிக்கு அனுப்பினர். ஏட்டுக்கல்வி அவருக்குக் கைவரவில்லை. ஊர் திரும்பியவர் பட்டினத்துச் சந்தையிலே கடை வைத்தார்; வியாபாரமும் நன்றாகவே நடந்தது. ஆயினும் 1980ஆம் ஆண்டளவில் கடையை விட்டு மண்ணுக்கே மீண்டார்.

ஏனையோர் மண்ணை விட்டுச் சென்றுகொண்டிருந்த காலம் அது. 1968 முதல் 1973 வரை சாகேல் முழுவதையும் வாட்டிய வரட்சி, 1980களின் தொடக்கத்தில் மீண்டும் தலைகாட்டிற்று. ஆண்டில் மூன்று நான்கு மாதங்கள் மாத்திரமே மழை காணும் அந்நிலத்தில், அம்மழையும் பொய்த்தது. மேல்மண் காற்றிலும் வெள்ளத்திலும் அள்ளுண்டு போக, எஞ்சிய நிலம் ஓடு போல இறுகிற்று. பெய்த சிறுமழையும் உள்ளே இறங்காது மேலாக ஓடி மறைந்தது. யாத்தெங்காவிலுள்ள ரானாவா என்னும் கிராமத்தில், 1975க்கும் 1985க்கும் இடையில், நான்கில் ஒரு பங்கு மக்கள் ஊரை விட்டு வெளியேறினர்.

இந்நிலையில் சவடோகோ புதிய பொறி எதனையும் நாடினாரல்லர். முன்னோர் கையாண்ட முறையொன்றையே எடுத்துக்கொண்டார். அதனை அம்மக்கள் ‘ஸாய்’ என்பர். வைகறையில் எழுந்து விரைந்து நிலத்தைப் பண்படுத்தல் என்னும் கருத்துடைய சொல்லின் அடியாக அப்பெயர் வந்தது என்ப. இறுகிய நிலத்திலே சிறு குழிகள் பறித்து, அவற்றுள் விதையிடுவதே அம்முறை. அவர் அதிற் செய்த மாற்றம் சிறிது, பயனோ பெரிது. குழியை அகலமும் ஆழமும் உடையதாக்கினார். 20 முதல் 30 சதம மீற்றர் அகலமும் 15 முதல் 20 சதம மீற்றர் ஆழமுமாக அமைந்த குழியினுள் மாட்டெருவும் குப்பையும் இட்டார். மழைக்குக் காத்திராமல் கோடையிலேயே அவ்வேலையை முடித்தார். எருவை நாடிக் கறையான்கள் வந்தன. அவை துளைத்த வழிகளால் மழைநீர் மண்ணின் உள்ளே இறங்கிற்று. பயிருக்குப் பகை என்று கருதப்படும் கறையானே உழவனுக்கு உற்ற துணையாயிற்று. சரிவுகளிற் குறுக்காகக் கல்வரிசை இட்டு, ஓடும் நீரின் வேகத்தையும் தணித்தார்.

ஒரு எக்டேயர் நிலத்தில் இத்தகைய குழிகள் 10,000க்கு மேலும் அமைதல் உண்டு. கொளுத்தும் வெயிலில் அவற்றை மண்வெட்டியாற் பறித்தல் எளிய வேலையன்று. மழைக்கு முன்னே நிலத்தைக் கிளறுதல் ஊர்வழக்கமும் அன்று. ஆகவே ஊரார் அவரைப் பித்தரென்று இகழ்ந்தனர். இகழ்ச்சி அத்துடன் நில்லாமல், அவர் வளர்த்த மரங்களுக்கும் தானியத்துக்கும் தீயும் வைக்கப்பட்டது. அவர் எவரோடும் வழக்காடவில்லை; அடுத்த கோடையிலும் குழி பறித்தார்.

எருவோடு கலந்திருந்த மரவிதைகளும் இறுங்கோடும் கம்போடும் சேர்ந்து முளைத்தன. களையென்று அவற்றைப் பிடுங்கி எறியாது பேணினார். காலப்போக்கில், தரிசாய்க் கிடந்த நிலத்தில் அறுபதுக்கு மேற்பட்ட வகை மரஞ்செடிகள் செறிந்த காடொன்று எழுந்தது.

அவர் பெருமைக்குக் காரணம் இக்காடு மாத்திரமன்று. கற்றதனைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமையே அதனினும் மேலானது. 1984ஆம் ஆண்டில் தமது கமத்திலே கமக்காரர்க்கென ஒரு சந்தையைத் தொடக்கினார். அது ஆண்டில் இருமுறை கூடிற்று. அறுவடைக்குப் பின், தத்தம் குழிகளில் விளைந்த தானிய வகைகளைக் கமக்காரர் கொணர்ந்தனர். அவர் அவ்விதைகளைச் சேமித்து வைத்தார். மழைக்கு முன் கூடிய சந்தையிலே, வேண்டிய விதையை அவரவர் தெரிந்தெடுத்தனர். சில கிராமத்தவரோடு தொடங்கிய சந்தைக்கு, 2000ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களிலிருந்து கமக்காரர் வந்தனர். அம்மாகாணத்தில் அவரைப் போல உழைத்தோர் வேறு சிலரும் உளர். ஊசேனி சொரோமே என்னும் கமக்காரர் 1992இல் அயலவர்க்கு ஸாய் முறையைப் பயிற்றத் தொடங்கினார். அது பல பள்ளிகளாகப் பெருகிற்று.

ஒன்றும் விளையாத நிலத்தில், மழை குறைந்த ஆண்டிலும் எக்டேயருக்கு 300 முதல் 400 கிலோ தானியம் கிடைத்தது. நல்ல மழை பெய்த ஆண்டிலோ 1,500 கிலோவும் அதற்கு மேலும் கண்டனர். ரானாவாவை விட்டு வெளியேறுதல் நின்றது. போனவர்களிற் சிலர் திரும்பியும் வந்தனர்.

ஆயினும் அவர் வாழ்வின் பிற்பகுதியில் ஒரு துயரம் நேர்ந்தது. வாகிகூயாப் பட்டினம் விரிவடைந்து, அவருடைய காடு நகர எல்லைக்குள் அடங்கிற்று. அங்கே வீட்டு மனைகள் வகுக்கப்பட்டன. ஒரு பகுதியில் வீடுகளும் எழுந்தன. நிலம் அரசுக்குரியது என்பதே 1984ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தத்தின் கொள்கை. நெடுங்கால உழைப்பின் பயனுக்கு அவரிடம் உறுதி இருக்கவில்லை. தாம் வளர்த்த காட்டைத் தாமே விலை கொடுத்து வாங்கவேண்டும் என்ற நிலை வந்தது. தரிசாய்க் கிடந்தபோது எவரும் நாடாத நிலம், மரம் நின்ற பின்பே மதிப்புப் பெற்றது. அம்மதிப்பை உண்டாக்கியவரோ வழக்குத் தொடுக்கவும் வழியற்று நின்றார்.

உலகம் அவரை அறிந்தது பிந்தியே. 2010இல் அவரைப் பற்றிய திரைப்படமொன்று வெளிவந்தது. 2018இல் சுவீடனின் நல்வாழ்வு விருதும், 2020இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தின் ‘புவியின் வெற்றியாளர்’ விருதும் கிடைத்தன. அப்பொழுதும் அவர் தம் காட்டைக் காக்கவேண்டும் என்பதையே எடுத்துரைத்து வந்தார்.

மன்னர் எழுப்பிய கோட்டைகளுக்குக் கல்வெட்டு உண்டு. குழி பறித்தவர்க்கு அஃது இல்லை. காலப்போக்கிற் குழி தூர்ந்துபோம். ஆனால் அவரிடம் பழகியவர்கள் மறுகோடையில் மீண்டும் மண்வெட்டியை எடுக்கிறார்கள். யாக்கூபா சவடோகோவின் வரலாறு அங்கேயே எழுதப்படுகின்றது.