தொட்டிக்கட்டு வீடும் மகளின் கையொப்பமும்

கி.பி. 1800ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கொங்கு நாட்டின் வழியே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், பொள்ளாச்சியில் தோண்டியெடுக்கப்பட்ட பானை ஒன்றில் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்த செய்தியைத் தம் பயண நூலில் குறித்துள்ளார். அவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்களின் காசுகள். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் அமைந்த இவ்வூர், பொருள் கைமாறும் இடமாக எத்துணைப் பழமையானது என்பதற்கு அப்பானையே சான்று. வெல்லமும் மாடும் விற்கும் பிற்காலச் சந்தைகள் அப்பழைய தொழிலின் தொடர்ச்சியே எனலாம்.

அச்சந்தைச் செல்வம் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் வீடாக எழுந்தது. நடுவே வானம் பார்த்த வாசல், நான்கு புறமும் அதை நோக்கிச் சரியும் கூரை. மழைநீர் உள்ளே இறங்கித் தொட்டியில் விழுந்து மதகு வழியே வெளியேறும். முகப்பில் திண்ணை, அதனையடுத்து ஆடவர் அமர்ந்து வழக்குப் பேசும் ஆசாரம், உள்ளே தானிய அறை, சமையற்கட்டு, பின்னால் புழக்கடை. உத்திரமும் தூணும் ஆனைமலைத் தேக்கு. மலையுச்சியினின்று மரங்களைச் சறுக்கிவிட்ட இடம் இன்று டாப்சிலிப் என்றே வழங்குகிறது. 1865இல் மங்களூரில் பேசல் மிஷனார் தொடங்கிய ஓட்டுத் தொழில் மேற்குக் கரையெங்கும் பரவியபின், நாட்டு ஓட்டின் இடத்தைச் சீமை ஓடு பிடித்தது. போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு 1915இல் இருப்புப் பாதை வந்தது. சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த காரையில் எழுந்த சுவர்கள் கோடையிலும் குளிர்ந்திருக்கும். மாட்டுக் கட்டுத்தறிக்கும் உறங்கும் அறைக்கும் இடையே தொலைவு மிகுதியில்லை. அது வேளாண் குடியின் வீடு, அரண்மனை அன்று.

இத்தகைய வீடுகள் இப்போது ஒவ்வொன்றாக விலைக்கு நிற்கின்றன. பரம்பிக்குளம் - ஆழியாறு பாசனம் தென்னையைப் பெருக்கிற்று. தென்னையின் வருவாய் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிற்று. கல்லூரி அவர்களைக் கோயம்புத்தூருக்கும் கடல் கடந்தும் கொண்டுசென்றது. தோப்பை வேலியிட்டுப் பங்கு பிரிக்கலாம். தொட்டிக்கட்டைப் பிரிக்க வழியில்லை. ஆசாரம் ஒருவனுக்கு, வாசல் மற்றொருவனுக்கு என்றால் இருவருக்குமே வீடு இல்லாமற் போகும். ஆகவே விற்றுப் பணத்தைப் பிரிக்கின்றனர். வாங்குவோர் சிலர் வீட்டைப் போற்றுவர். பலர் தேக்கை மட்டும் கழற்றிக்கொண்டு மனையாக்குவர்.

இவ்விழப்பைப் பாடாத கவியரங்கம் இல்லை. பாட்டனின் திண்ணை, அப்பனின் சாய்வு நாற்காலி எனத் தொடங்கும் கவிதைகளில் பேசுபவன் பெரும்பாலும் மகனே. இழந்தோம் என்று சொல்ல முதலில் உரிமை இருந்திருக்க வேண்டும். அது யாருக்கு இருந்தது என்பதைக் கவிதையைவிடப் பத்திரம் தெளிவாகச் சொல்லும்.

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வெளிவந்தது. கணவனை இழந்து கொழுந்தன் குடும்பத்தோடு வாழும் பெண் தன் பங்கைப் பிரித்துக் கேட்பதே கதையின் முடிச்சு. அவளை அடங்காதவள் என்று வாசித்தோர் பலர். அக்காலச் சட்டத்தை உடன் வைத்துப் படித்தோர் சிலரே. கைம்பெண்ணுக்குக் கணவன் பங்கில் ஆயுட்கால உரிமை தந்த 1937ஆம் ஆண்டுச் சட்டம், வேளாண் நிலத்திற்குச் செல்லாது எனக் கூட்டாட்சி நீதிமன்றம் 1941இல் கூறிவிட்டது. சென்னை மாகாணம் அதை வேளாண் நிலத்திற்கும் நீட்டியது 1947இல்தான். நாகம்மாள் கேட்டதோ காடு. கொங்கு வழக்கில் காடு என்பது மானாவாரி நிலம் என்பதை வெளியூர் அன்பர்கள் நினைவிற் கொள்க.

மகளின் நிலை இன்னும் நுட்பமானது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அவளைத் தந்தையின் வாரிசாக ஏற்றது. ஆயின் அதன் 23ஆம் பிரிவு, ஆண் வாரிசுகள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை, குடும்பம் வாழும் வீட்டைப் பிரிக்குமாறு பெண் கேட்க இயலாது என்றது. அவ்வீட்டில் தங்கும் உரிமையேனும் உண்டா எனில், மணமாகாதவளுக்கும், கணவனால் கைவிடப்பட்டவளுக்கும், அவனைப் பிரிந்தவளுக்கும், கைம்பெண்ணுக்குமே உண்டு. வாழ்வு நன்றாயிருந்தால் பிறந்த வீட்டில் இடமில்லை!

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. அதன் தலைமைக் குரலாகிய பெரியார் ஈரோட்டினர் என்பது கொங்கு மண்ணுக்குப் பெருமை. அத்தீர்மானம் தமிழ்நாட்டில் சட்ட வடிவு பெற அறுபது ஆண்டுகள் ஆயின. 1989 மார்ச் 25 முதல் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளும் பிறப்பால் பங்காளி ஆனாள். ஆனால் அதற்குமுன் மணமானவள் விலக்கப்பட்டாள். ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லாத பங்கு தங்கைக்கு வந்தது. 2005ஆம் ஆண்டின் நடுவண் திருத்தமே அவ்வேறுபாட்டை நீக்கியது. 23ஆம் பிரிவும் அப்போதுதான் அகன்றது. அத்திருத்தத்தின்போது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுவதில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்திற்று.

வியப்பு யாதெனில், கொங்கு வேளாளர் திருமணத்தில் மணமகனோடு அவன் உடன்பிறந்தாளை இணைத்துச் செய்யும் இணைச்சீர் இன்றியமையாதது. அண்ணன்மார் கதையில் தங்கையின்றிப் பொன்னரும் சங்கரும் இல்லை. சடங்கிலும் கதையிலும் இத்துணை இடம் பெற்றவள் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மட்டும் காணப்படவில்லை. பொள்ளாச்சியிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் மேற்கே சென்றால் பாலக்காடு. அங்கு மருமக்கள் தாயக் குடும்பங்களில் தறவாடு பெண்வழியே இறங்கியது. கணவாய் வழியே வெல்லமும் மாடும் ஓடும் சென்று வந்தன. அவ்வழக்கம் மட்டும் வரவில்லை. தாய்வழியிலும் ஆளுகை மூத்த ஆணாகிய காரணவரிடமே இருந்தமையால் அதனைப் பொற்காலமாக்கிப் பாடவும் வேண்டுவதில்லை.

இன்று வீடு விலைக்கு வரும்போது, வாங்குவோரின் வழக்குரைஞர் முதலில் கேட்பது மகள்கள் எங்கே என்பதுதான். வெளியூரினின்று அவர்களை வரவழைக்கின்றனர். சிலர் பங்கைப் பெறுகின்றனர். வேறு சிலர், நாளை பிள்ளைக்குச் சீர் செய்ய அண்ணன் வரவேண்டுமே என்றெண்ணி, விடுதலைப் பத்திரத்தில் ஒப்பமிட்டுத் திரும்புகின்றனர். கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதி, கிணற்றுப் பாத்தியம், தடப் பாத்தியம் எழுதி, இறுதியில் விற்போர் பெயர்கள் வரும். ஆண்மக்களுக்குப் பின் மகள்கள், தந்தை பெயரும் கணவன் பெயரும் சேர்த்து. சார்பதிவாளர் முன் அவர்கள் கைநாட்டோ கையெழுத்தோ இடுகின்றனர். அவ்வீட்டைக் குறித்த ஆவணம் ஒன்றில் அவர்களுள் பலர் பெயர் ஏறுவது அன்றுதான்.