கைமாறும் புத்தகம் காடு காக்கும்!

('அச்சுப் புத்தகம் இயற்கைக்கு நட்பா, பகையா?' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்துக்களத்தின் நிறைவில், நிகழ்ச்சியை வழிநடத்திய அறிவிப்பாளர் ஆற்றிய உரை.)



வழக்கமாகக் கேள்வி கேட்பது என் வேலை, பதில் சொல்வது உங்கள் வேலை. இன்று ஒருநாள் நானும் கொஞ்சம் பேசுகிறேன். நான் வரலாற்று ஆய்வாளர் அல்ல. மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு மைக் பிடித்தவள். ஆனால் இந்தத் தலைப்பைக் கொடுத்தபோது என் வீட்டுக் கதை ஒன்று நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அதைச் சொல்லாமல் இந்த மேடையிலிருந்து இறங்க முடியாது.

இடப்பக்கம் அமர்ந்த இளைஞர்கள், "ஒவ்வொரு புத்தகமும் வெட்டப்பட்ட மரம். கையில் தொலைபேசி இருக்கும்போது காகிதம் எதற்கு?" என்றார்கள். வலப்பக்கம் அமர்ந்த பெரியவர்கள், "புத்தகத்தின் வாசனை தொலைபேசியில் வருமா?" என்றார்கள். இரண்டு அணியும் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அந்த ஒரு புத்தகத்தை எத்தனை பேர் படித்தார்கள்?

லோரி வந்த நாள்

என் தாத்தா கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டம் விற்கப்பட்டு வீட்டு மனைகளானபோது, லயத்திலிருந்து தாமான் வீட்டுக்கு வந்தோம். தாத்தா கொண்டு வந்த சொத்து நான்கு பெட்டிப் புத்தகங்கள். 2010இல் அவர் காலமானார். சில மாதங்களில் நாங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு மாறினோம். இடம் போதாது. அப்போதுதான் தெருவில் அந்த ஒலிபெருக்கிக் குரல் கேட்டது. "சூராட் கபார் லாமா..." பழைய பேப்பர் வாங்கும் லோரி. நம் நாட்டில் இந்தக் குரலைக் கேட்காத தாமான் உண்டா?

"நான்கு பெட்டியையும் ஏற்றிவிடு தம்பி" என்று சொன்னது நான்தான். தராசில் நிறுத்து, சில வெள்ளி நோட்டுகளைக் கையில் கொடுத்தார்கள். அன்று மாலை அந்தக் காசில் நாங்கள் ரொட்டி சானாய் சாப்பிட்டோம்.

லோரிக்காரர் மேல் எனக்குக் குறை இல்லை. அவர் செய்வது நல்ல தொண்டு. பழைய காகிதம் கூழாகி, அட்டைப் பெட்டியாகி மறுபிறவி எடுக்கிறது. ஆனால் ஒரு காகித இழையை ஏறத்தாழ 5 முதல் 7 முறைதான் மறுசுழற்சி செய்ய முடியும். ஒவ்வொரு முறையும் இழை குட்டையாகிறது. அதற்குத் தண்ணீரும் வேண்டும், எரிசக்தியும் வேண்டும். ஒரு புத்தகத்தை இன்னொருவர் படிப்பதற்கோ கொடுக்கும் மனம் மட்டும் போதும். மறுசுழற்சி கடைசிப் படி. நான் அதை முதல் படியாக்கி விட்டேன்.

ஓலையும் ஈயமும் கந்தலும்

சற்றே பின்னோக்கிப் போவோம். நம் முன்னோர் ஓலையில் எழுதினார்கள். பனை மரத்தை வெட்ட வேண்டியதில்லை, ஓலையை மட்டும் எடுத்தால் போதும். ஆனால் ஒரு நூலைப் படியெடுக்கப் பல நாள் உழைக்க வேண்டும். ஓலைக்கும் ஆயுள் உண்டு. பூச்சி அரிக்கும், ஓரம் ஒடியும். படியெடுப்பவர் இல்லையென்றால் நூலே செத்துவிடும். பழுதான ஏடுகளை ஆற்றில் விட்டவர்களும் உண்டு, தீயில் இட்டவர்களும் உண்டு. அப்படிப் போனவை போக, எஞ்சியவற்றை ஊர் ஊராகத் தேடி அலைந்தவர் உ.வே.சாமிநாதையர். 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என்று அவர் அச்சேற்றினார். ஏட்டை அச்சு காப்பாற்றியது என்பதை, காகிதமே வேண்டாம் என்று சொல்லும் தம்பிகள் மறக்கக் கூடாது.

அச்சு வந்த காலத்திலும் காகிதம் அருமையான பொருள். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, ஜெர்மனியில் செய்த தமிழ் எழுத்துகளை வரவழைத்துப் புதிய ஏற்பாட்டை அச்சிடத் தொடங்கினார். அந்த எழுத்துகள் அளவில் பெரியவை, காகிதத்தை விழுங்கின. என்ன செய்தார்கள் தெரியுமா? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக் கட்டிகளைச் சுற்றியிருந்த ஈயத்தை உருக்கி, சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பக்கத்திலேயே பொறையாற்றில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்ற பெயரே நின்றுவிட்டது. குப்பைக்குப் போக வேண்டிய ஈயம் தமிழ் எழுத்தானது! இன்று நாம் மேடை போட்டுப் பேசுகிற சிக்கனத்தை, 300 ஆண்டுகளுக்கு முன்பே தட்டுப்பாடு கற்றுக் கொடுத்துவிட்டது.

அன்றைய ஐரோப்பியக் காகிதம் பெரும்பாலும் கந்தல் துணியில் செய்தது. மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழியை ஜெர்மனியின் கெல்லர் 1844 வாக்கில் கண்டுபிடித்தார். அதன்பின் காகிதம் மலிந்தது, புத்தகம் ஏழையின் கைக்கும் வந்தது. அது பெரிய நன்மை. கூடவே இரண்டு தீமைகளும் வந்தன. ஒன்று, காடு குறைந்தது. மற்றொன்று, மலிவான மரக்கூழ்க் காகிதத்தில் அமிலம் தங்கி, பக்கங்கள் பழுத்து, தொட்டால் ஒடியும் நிலைக்கு வந்தன. தாத்தா காலத்துப் புத்தகம் பிஸ்கட் போல நொறுங்குவதற்குக் காரணம் இதுதான்.

மாட்டு வண்டியில் வந்த நூலகம்

புத்தகம் மலிந்தும் கிராமத்துக்கு எட்டவில்லை. 1931 அக்டோபரில் தஞ்சை மண்ணின் மன்னார்குடியில் ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. வண்டி நிறையப் புத்தகங்கள். கனகசபைப் பிள்ளை உருவாக்கிய அந்த நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தவர் நூலகத் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன். அதே ஆண்டுதான் நூலகத் துறைக்கான ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டார். முதல் விதியின் சாரம் எளிமையானது: புத்தகம் பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கே. பெட்ரோல் இல்லாமல், புகை இல்லாமல், ஒரு பிரதியை ஊர் ஊராகச் சுற்ற வைத்த அந்த வண்டியைவிடப் பசுமையான நூலகம் எங்கே இருக்கிறது?

நம் தோட்டங்களுக்கு அப்படி ஒரு வண்டி வரவில்லை. நம் மக்களே வண்டியானார்கள். நாகப்பட்டினத்திலிருந்து ராஜுலா போன்ற கப்பல்களில் ஆட்களோடு இதழ்களும் வந்து இறங்கின. கிள்ளான் துறைமுகத்துக்கு அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். ஒருவர் வாங்கிய பத்திரிகையை லயத்து வாசலில் ஒருவர் உரக்கப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். என் தாத்தா சொல்வார்: "படிக்கத் தெரிந்தவன் வாய், தெரியாதவனுக்குக் காது."

'கல்கி' வார இதழில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் தொடராக வந்தது. தொடர்கதைப் பக்கங்களை இதழிலிருந்து பிரித்தெடுத்து, அடுக்கி, ஊசி நூலால் தைத்து, மைதாப் பசை தடவி அட்டை போட்டுப் புத்தகமாக்குவது அன்று பல தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். தாத்தாவும் தைத்தார். வாரம் ஒருமுறை படித்துத் தூக்கியெறிய வேண்டிய காகிதம் ஐம்பது ஆண்டு வாழ்ந்தது.

ஆளுக்கொரு வெள்ளி

இந்தப் பகிர்வு மனம் ஒரு பெரிய காரியத்தையும் செய்தது. 1950களில், அப்போது சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைய இருந்தது. அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ.சாரங்கபாணி குரல் எழுப்பினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளி முதல் கடைக்காரர் வரை ஆளுக்கொரு வெள்ளி என்று கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தின் தமிழ்க் கல்விக்கும் தமிழ் நூல்களுக்கும் அந்தச் சில்லறை துணை நின்றது. 1956இல் துறை அமைந்தது. பின்னர் கோலாலம்பூரில் அந்தத் துறைக்குத் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகளின் முயற்சியால், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு இதே நகரில் நடந்தது.

நேயர்களே, எண்ணிப் பாருங்கள். வெள்ளி கொடுத்தவர்களில் பலர் அந்த நூலகத்தின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார்கள். தான் படிக்காத புத்தகத்தை யாரோ ஒரு பிள்ளை படிக்கட்டும் என்று கொடுத்தார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் கேட்கும் கேள்வி

1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்தன. நகரத்தைச் செங்கல்லால் எழுப்பினார்கள். அந்தச் செங்கல் சூளைகளின் பெயரைச் சுமந்து நிற்பதுதான் பிரிக்பீல்ட்ஸ். ரயில்வே வேலைக்கு வந்த தமிழர்களும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் குடியேறிய பகுதி அது. அங்குள்ள விவேகானந்தா ஆசிரமம் 1904இல் தோன்றியது. 2014இல் அந்த வளாகத்தில் அடுக்குமாடி எழுப்பத் திட்டம் வந்தபோது, மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2016இல் அது பாரம்பரியச் சின்னமானது. நல்லது, போற்றுவோம்.

யாழ்ப்பாணத்தில் 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் பொது நூலகம் எரிந்து, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. இன்றும் அதைப் பேசினால் நம் கண் கலங்குகிறது. அதே நாம்தான் வீட்டுப் புத்தகத்தைக் கிலோ கணக்கில் லோரியில் ஏற்றுகிறோம். கட்டடம் போனால் கூடுகிறோம், புத்தகம் போனால் ரொட்டி சானாய் சாப்பிடுகிறோம். இது என்னை நானே கேட்ட கேள்வி. உங்களையும் கேட்கிறேன்.

என்ன செய்யலாம்?

வாங்கும்போதே தொடங்குவோம். படிக்கப் போகும் புத்தகத்தை வாங்குவோம், அலமாரியை நிரப்ப வாங்க வேண்டாம். பழைய புத்தகம் தாழ்வானது அல்ல. பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தை பழைய புத்தகப் பிரியர்களுக்கு நன்கு தெரிந்த இடம். 2009இல் இதே பெட்டாலிங் ஜெயாவில் தொடங்கிய 'பிக் பேட் வுல்ஃப்' விற்பனை, வெளிநாட்டுப் பதிப்பகங்களில் தேங்கிய நூல்களைக் குறைந்த விலைக்குக் கொண்டு வந்தது. மலிவு என்று பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமல் வைத்தால், தேங்கும் இடம் மட்டும் மாறியது என்று பொருள்.

வாங்கியதைக் காப்போம். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். புத்தகத்தைப் பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். சுவரை ஒட்டாமல், காற்றோட்டமாக வையுங்கள். வசம்புத் துண்டு போடுவது பாட்டி கால வழக்கம். மாதம் ஒருமுறை எடுத்துத் தட்டுங்கள். பழைய நாளிதழே அட்டை போடப் போதும்.

படித்ததைக் கைமாற்றுவோம். கோயில் மண்டபத்திலும் குடியிருப்புக் கூடத்திலும் ஓர் அலமாரி வைக்க அனுமதி கேளுங்கள். தமிழ்ப்பள்ளிக்குக் கொடுப்பதானால் பிள்ளைகள் படிக்கத் தக்கதைக் கொடுங்கள். காலாவதியான பயிற்சிப் புத்தகங்களைத் தள்ளிவிடும் இடமல்ல பள்ளி. பழைய மலாயா வெளியீடு, கையால் தைத்த தொகுப்பு, நின்றுபோன இதழ் எது இருந்தாலும், லோரியை அழைக்கும் முன் ஒரு பல்கலைக்கழக நூலகத்தை அழையுங்கள். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுவிட்டது. உங்கள் பரணில் கிடக்கும் ஒரு பழைய இதழ், நாளைய ஆய்வாளருக்கு ஆதாரமாகலாம்.

தம்பிகளே, தொலைபேசியில் படிப்பது தவறே அல்ல. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கருவியை மாற்றிவிட்டு, மரத்துக்காகக் கண்ணீர் விடாதீர்கள். அந்தக் கருவியும் பூமியைத் தோண்டித்தான் வந்தது.

கடைசிப் பக்கம்

சில ஆண்டுகளுக்கு முன் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் அத்தை ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். "அப்பாகிட்ட இரவல் வாங்கினது, திருப்பிக் குடுக்கவே மறந்துட்டேன்டி" என்றார். தாத்தா தைத்த தொடர்கதைத் தொகுப்புகளில் ஒன்று. இரவல் போனதால் லோரிக்குத் தப்பியது! கடைசிப் பக்கத்தில் தாத்தாவின் கையெழுத்தில் ஒரு பட்டியல். யார் வாங்கினார், எப்போது திருப்பினார் என்ற கணக்கு. 1956இல் தொடங்கி 37 பெயர்கள். மண்டோர், வண்டிக்காரர், பள்ளி ஆசிரியர், பால்மரம் சீவிய பெண்கள். கடைசிக்கு முந்தியது, 2000ஆம் ஆண்டு, பென்சிலில் கோணல் எழுத்து. அது என் பெயர். கடைசிப் பெயர் அத்தையுடையது. அவர் பெயருக்கு எதிரே திருப்பிய தேதி மட்டும் இல்லை.

காகிதம் ஒன்று, வாசகர் 37 பேர். மற்ற நான்கு பெட்டிகளின் கடைசிப் பக்கங்களில் எத்தனை பெயர்கள் இருந்தனவோ, அதை இனி யாரும் எண்ண முடியாது. அதுதான் என் வருத்தம்.

அந்தப் புத்தகத்தை இப்போது என் அலுவலகத் தோழி படித்துக் கொண்டிருக்கிறார். 38ஆவது பெயரை எழுதிவிட்டேன். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதி, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.