சுவரோட ஒட்டாத சுவிட்சும் கொஞ்சம் கரண்டு வரலாறும்

புது வீடு பாக்கப் போனா எல்லாரும் தரையைப் பாப்பாங்க, கதவைத் தட்டிப் பாப்பாங்க. நான் சுவிட்சைப் பாப்பேன். பல வீட்டுல ஒண்ணு சுவருக்குள்ள புதைஞ்சு கிடக்கும், இல்லன்னா ஓரமெல்லாம் இடைவெளி விட்டுத் துருத்திக்கிட்டு நிக்கும். கொத்தனாரைக் கேட்டா "வயரிங்காரரு பெட்டி வச்சது சரியில்ல" என்பார். வயரிங்காரரைக் கேட்டா "பூச்சு கனமாயிட்டு" என்பார். இந்தச் சண்டைக்கு ஒரு வரலாறு இருக்கு மக்கா.

எங்க குழித்துறை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம். அதனால எங்க கரண்டு கதையும் அங்கேருந்துதான் ஆரம்பிக்குது. திருவனந்தபுரத்துல 1929-ல மின்விளக்கு எரிஞ்சுது. 1940-ல மூணாறு பக்கத்துல பள்ளிவாசல் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சுது. தமிழ்நாட்டோட சேர்ந்த பிறகு, 1970-71 வாக்குல கோதையாறு மின்நிலையங்கள் வந்துச்சு. ரெண்டும் சேர்ந்து 100 மெகாவாட். அந்தக் கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்துல கலந்துதான் எங்க ஊர்ப் பாலத்துக்கடியில தாமிரபரணியா ஓடுது.

சரி, சுவிட்சுக்கு வருவோம். படக்குனு சத்தம் போட்டு அணையுற சுவிட்சை 1884-ல இங்கிலாந்தின் நியூகாசில்ல ஜான் ஹென்றி ஹோம்ஸ் உருவாக்கினார். அந்தப் 'படக்'தான் விஷயமே. மெதுவா பிரிஞ்சா நடுவுல தீப்பொறி நின்னு உலோகத்தைத் தின்னுடும். சட்டுனு பிரிஞ்சா அது நிக்காது.

பழைய வீடுகள்ல இந்தச் சுவிட்சு சுவருக்கு மேலதான் இருந்துச்சு. பூச்சு, வெள்ளையடிப்பு எல்லாம் முடிஞ்ச பிறகு சுவர்ல மரக்கட்டை அடிச்சு, தேக்குப் பட்டியில வயரைக் கிளிப் போட்டு ஓட்டி, வட்ட மரக்கட்டை மேல கறுப்பு பேக்கலைட் சுவிட்சை முறுக்குவாங்க. கொத்தனார் போன பிறகுதான் வயரிங்காரர் வேலையே. பூச்சு எத்தனை கனம்னு அவருக்குக் கவலை இல்ல.

அப்புறம் பிவிசி பைப் வந்துச்சு. வளைகுடா போன பிள்ளைங்க பணத்துல கான்கிரீட் வீடுகள் எழும்புச்சு. வயர் கண்ணுக்குத் தெரிஞ்சா கௌரவக் குறைச்சல்னு ஆச்சு. சுவரைக் கொத்திப் பைப்பும் பெட்டியும் புதைச்சாங்க. இங்கதான் வரிசை மாறிப் போச்சு. வயரிங்காரர் முன்னால, கொத்தனார் பின்னால. இன்னும் வராத ஒரு பூச்சை மனசுல அளந்து பெட்டி வைக்கணும். உள்பூச்சு சுமார் 12 மில்லிமீட்டர்னு கணக்கு. ஆனா கல்லு வளைஞ்ச இடத்துல கூடும், குறையும்.

இது அழகு விஷயம் மட்டும் இல்ல. எங்க மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. இடைவெளி வழியா ஈரம் போகும், எறும்பு போகும். பிளேட் ஆடினா வயர் முனை தளரும், தளர்ந்தா சூடாகும். குழந்தை விரல் நுழைஞ்சா என்ன ஆகும்னு சொல்ல வேண்டாம்.

மெயினை அணைச்சு, டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் கை வைக்கணும். பெட்டி உள்ள போயிருந்தா, பிரேமுக்குப் பின்னால துண்டு வச்சு உயர்த்தி, நீளமான ஸ்க்ரூ போட்டா போதும். இடைவெளியை மறைக்க ஸ்க்ரூவை இறுக்கி இறுக்கி இழுக்கக் கூடாது. பிரேம் வளைஞ்சு சுவிட்சு சிக்கும், இல்லன்னா விரியும். பெட்டி வெளியே நீட்டியிருந்தா குறுக்கு வழி இல்ல. கொத்தி எடுத்து உள்ள தள்ளி வைக்கணும். ஓரத்துப் புட்டி கடைசி வேலை.

வீடு கட்டுறவங்க ஒண்ணு செய்யலாம். பூச்சுக்கு முன்னாடி கொத்தனார் தூக்குக்குண்டு பிடிச்சு, எவ்வளவு கனம்னு சுவர்ல சாந்தால அடையாளம் வைப்பார். அன்னைக்கே வயரிங்காரரையும் வரச் சொல்லி, பெட்டியோட வாயை அந்த அடையாளத்துக்குச் சரியா வைக்கச் சொல்லுங்க. பழைய காலத்துல ஒருத்தர் போன பிறகு மத்தவர் வந்தா போதும். இப்போ ரெண்டு பேரும் ஒரு மணி நேரமாவது சேர்ந்து நிக்கணும்.