ஒரு குடும்பமும் ஓர் உள்ளாடையும்

ஆடையின் வரலாறு என்றவுடன் பட்டும் பீதாம்பரமும், அரசவையில் மின்னிய சரிகையும் நம் நினைவுக்கு வருகின்றன. உடுத்தியவரைத் தவிர வேறு எவர் கண்ணிலும் படாத உள்ளாடையைப் பற்றி வரலாற்று நூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. நாமும் அதைப் பற்றிப் பொது இடத்தில் பேசக் கூசுகிறோம். ஆயினும் காலை முதல் இரவு வரை நம் தோலைத் தொட்டுக்கொண்டிருப்பது அதுவே. அது உறுத்துமாயின், மேலே உடுத்திய பட்டினால் பயன் ஏதும் இல்லை.

இந்த எளிய பண்டத்தைச் செய்து விற்ற ஒரு குடும்ப நிறுவனத்தின் வரலாற்றை இங்கே காண்போம். 'ஜாக்கி' என்ற பெயர் நம் கடைத்தெருக்களில் பலரும் அறிந்த பெயர். அது பிறந்த இடமோ அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்ள மிச்சிகன் ஏரிக்கரை. குடும்பத் தொழில் என்று நாம் சொல்கிறோமே, அதில் குடும்பம் என்பது யாது என்ற கேள்வியையும் இவ்வரலாறு நம்முன் வைக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிச்சிகன் மாகாணத்துக் காடுகளில் மரம் வெட்டும் தொழில் பெருகியிருந்தது. அக்காடுகளில் உழைத்த கூலியாட்கள் மட்டமான கம்பளிக் காலுறைகளை அணிந்திருந்தனர். அவை உராய்ந்து காலில் கொப்புளங்கள் எழுந்தன. கொப்புளங்கள் உடைந்து புண்ணாகிச் சீழ் வைத்தன. இத்துன்பத்தைக் கண்டு மனம் வருந்தியவர் சாமுவேல் கூப்பர். அவர் கிறிஸ்தவ சமயப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். 1876-ஆம் ஆண்டில், அம்மாகாணத்தின் செயிண்ட் ஜோசப் என்னும் ஊரில், நல்ல காலுறைகளைப் பின்னி விற்கும் தொழிலை அவர் தொடங்கினார். இந்நிறுவனத்தின் தொடக்கம் மரவெட்டியின் காற்புண் என்று சொன்னால் அது மிகையாகாது.

தந்தையின் தொழிலை மைந்தர்கள் விரிவாக்கினர். சார்லஸ், ஹென்றி, வில்லிஸ் ஆகிய சகோதரர்கள் காலுறையோடு நில்லாமல் உள்ளாடைத் தொழிலிலும் இறங்கினர். சிகாகோவுக்கும் மில்வாக்கிக்கும் இடையே, விஸ்கான்சின் மாகாணத்தில் உள்ள கெனோஷா நகரம் அவர்களுடைய தொழிலுக்கு நிலைக்களம் ஆயிற்று.

அவ்வேளையில் பேரிடி ஒன்று விழுந்தது. சிகாகோவில் இரோக்குவா என்னும் புதிய நாடக அரங்கு 1903-ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 30-ஆம் தேதி பிற்பகல் ஆட்டத்தின்போது, மேடை விளக்கிலிருந்து எழுந்த பொறி திரைச்சீலையில் பற்றிக்கொண்டது. கதவுகள் பல பூட்டியிருந்தன. 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் சார்லஸ் கூப்பரும் வில்லிஸ் கூப்பரும் இருந்தனர். ஒரே நாளில் சகோதரர் இருவரை இழந்த ஹென்றி தனியே நின்றார். தொழிலை விற்றுவிட்டு ஒதுங்கியிருந்தால் அவரை எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ நிறுவனத்தை ஏற்று நடத்தினார்.

அக்காலத்து மேனாட்டு ஆண்கள் அணிந்த உள்ளாடை, கழுத்து முதல் கணுக்கால் வரை உடலை மூடும் ஒற்றை அங்கி. குளிருக்கு அது ஏற்றது. ஆனால் இயற்கைக் கடனுக்கு ஒதுங்கும்போதோ அது பெருந்தொல்லை. பின்புறத்து மடிப்பைத் திறக்கவும் மூடவும் பல பொத்தான்களோடு போராட வேண்டும். உட்காரும்போது அப்பொத்தான்கள் உறுத்தவும் செய்யும். கூப்பர் நிறுவனத்தார் 1910-ஆம் ஆண்டை ஒட்டி இதற்கு ஒரு வழி கண்டனர். துணியின் இரு பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் படியுமாறு தைத்தனர். பொத்தானும் இல்லை, கட்டும் நாடாவும் இல்லை; விலக்கினால் திறக்கும், விட்டால் தானே மூடிக்கொள்ளும். இதை வகுத்தவர் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர். கூப்பர் குடும்பத்தவர் அல்லர். இதை நாம் நினைவில் கொள்வோம்.

1911-ஆம் ஆண்டில் இவ்வாடைக்கு விளம்பரம் தீட்டும் பொறுப்பு லையண்டெக்கர் என்னும் புகழ்பெற்ற ஓவியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் தீட்டிய படம் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' என்ற வார இதழில் வெளிவந்தது. வீட்டின் நடுக்கூடத்தில் எல்லோரும் புரட்டும் ஏட்டில் ஆணின் உள்ளாடை இடம்பெற்றது அந்நாளில் துணிச்சலான செயல். உள்ளாடையைப் பற்றி வெளிப்படையாகப் பேசலாம் என்ற வழக்கம் இத்தகைய முயற்சிகளாலேயே மெல்ல ஏற்பட்டது.

நிறுவனத்தின் பெயரையே பிற்காலத்தில் மாற்றிவிட்ட கண்டுபிடிப்பு 1934-இல் தோன்றியது. ஆர்தர் நைப்ளர் என்பவர் அங்கு ஆடை வடிவமைப்பாளர். பிரெஞ்சு நாட்டுத் தென் கடற்கரையிலிருந்து நண்பர் அனுப்பிய அஞ்சலட்டை ஒன்றில், இடுப்பை ஒட்டிய சிறு நீச்சலுடை அணிந்த ஒருவரின் படம் இருந்தது. கால் நீண்ட அங்கி எதற்கு, இதைப் போலவே உள்ளாடை செய்தால் என்ன என்று அவர் எண்ணினார். விளையாட்டு வீரர்கள் தாங்கலுக்காக அணிந்த கச்சைக்கு ஆங்கிலத்தில் 'ஜாக்ஸ்ட்ராப்' என்று பெயர். நம் மல்லர்கள் கட்டும் லங்கோட்டின் வேலையைச் செய்வது அது. அக்கச்சை தரும் தாங்கலைப் புதிய உள்ளாடையும் தரும் என்பதைக் குறிக்கவே 'ஜாக்கி' என்று பெயரிட்டனர். குதிரைப் பந்தயக்காரருக்கும் அதற்கும் நேரான தொடர்பு இல்லை. நெய்த துணியைப் போலன்றி, கண்ணி கண்ணியாகப் பின்னிய துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அந்த இயல்பே உடலோடு ஒட்டிய இவ்வடிவத்தைச் சாத்தியமாக்கிற்று.

1935-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் தேதி சிகாகோவின் மார்ஷல் ஃபீல்டு அங்காடியில் அது முதன்முதல் விற்பனைக்கு வந்தது. அன்று கடும் பனிப்புயல். இக்குளிரில் இத்துணை சிறிய ஆடையை எவர் வாங்குவார் என்று அஞ்சிய அங்காடி நிர்வாகிகள், காட்சிச் சாளரத்திலிருந்து அதை எடுத்துவிடும்படி கட்டளையிட்டனர். கட்டளை நிறைவேறுமுன்னரே, நண்பகலுக்குள் 600 பொட்டலங்கள் விற்றுத் தீர்ந்தன. மூன்று திங்களுக்குள் 30,000 விற்றன என்று நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. அவ்வாண்டிலேயே, முன்புறம் தலைகீழான ஆங்கில 'ஒய்' எழுத்தைப் போன்ற தையலுடன் மற்றொரு வகையும் வெளிவந்தது. கனடாவிலும் பிரிட்டனிலும் உள்ளூர் ஆலைகளுக்கு உரிமம் அளித்து, 1930-களுக்குள்ளேயே இவ்வாடை கடல் கடந்தது.

காலப்போக்கில் உடைமை கூப்பர் குடும்பத்திலிருந்து உல்ஃப் குடும்பத்துக்கு மாறிற்று. 1972-இல் நிறுவனம் ஜாக்கி இன்டர்நேஷனல் என்ற பெயரைப் பெற்றது. ஹாரி உல்ஃப் என்பவருக்குப் பின்னர், 1978-இல் அவருடைய மகள் டோனா உல்ஃப் ஸ்டைகர்வால்ட் தலைமை ஏற்றார். ஆண்களின் உள்ளாடையால் பெயர் பெற்ற நிறுவனத்துக்கு ஒரு பெண்மணி தலைவரானார். 1982-இல் அவர் பெண்களுக்கென உள்ளாடை வரிசை ஒன்றைத் தொடங்கினார். அழகுக்காகச் சரிகைப் பின்னல் வைத்து உடலை வருத்துவதைக் காட்டிலும், அணிவதற்குச் சுகமாக இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். விளம்பரங்களிலும் தொழில்முறை அழகியருக்குப் பதிலாக, பல பணிகளில் உள்ள சாதாரணப் பெண்களே தோன்றினர்.

2000-ஆம் ஆண்டில் டோனா மறைந்த பின்னர், அவருடைய மகள் டெப்ரா வாலர் பொறுப்பை ஏற்றார். டெப்ரா வளர்ப்பு மகள். குழந்தைப் பருவத்தில் தத்தெடுக்கப்பட்டவர். அதை அவர் மறைக்கவில்லை. 2005-இல், தத்தெடுக்கும் குடும்பங்களுக்குத் துணை நிற்கும் அறநிதி ஒன்றையும் நிறுவனத்தின் சார்பில் தொடங்கினார்.

இந்தியாவிலும் இவ்வாணிபம் ஒரு குடும்பத்தின் கையிலேயே வேர்விட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டில் பல ஆண்டுகளாக ஜாக்கியின் உரிமம் பெற்றுத் தொழில் நடத்திவந்த ஜெனோமல் என்னும் சிந்தி குடும்பத்தினர், 1994-இல் பெங்களூரில் பேஜ் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். அந்நிறுவனம் 2007-இல் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. அமெரிக்கத் தாய் நிறுவனமோ குடும்ப உடைமையாகவே நடந்து வந்தது.

குடும்பத் தொழில் என்றால் குருதி வழியாக வரும் உரிமை என்றே நாம் பெரும்பாலும் கொள்கிறோம். நம் நாட்டிலும் ஆண் வாரிசு இல்லாத வணிகர்கள் தத்தெடுத்துத் தம் கணக்கையும் கடையையும் காத்துவந்தனர். எனினும் அவர்கள் தேடியது ஆண் பிள்ளையையே. இந்துக்களிடையே பெண் குழந்தையைத் தத்தெடுக்கப் பொதுச் சட்டம் இடம் தந்தது 1956-ஆம் ஆண்டிலேதான். சட்டம் மாறிவிட்டது; கடையின் சாவியை மகளிடம் தர இன்னும் தயங்கும் தந்தையர் நம்மிடையே பலர்.

கூப்பரின் நிறுவனம் தீயில் இரு மைந்தரை இழந்தது. பிறிதொரு குடும்பத்தின் கைக்குச் சென்றது. மகளிடமும், மகளின் வளர்ப்பு மகளிடமும் வந்தது. அதன் பெயரை உலகறியச் செய்தவர்களோ ஊதியம் பெற்ற ஊழியர்கள். இத்துணை கைமாறியும் அறுபடாத இழை ஒன்று உண்டு. மனித உடம்புக்கு எங்கே உறுத்துகிறது என்று கேட்டு, அங்கே கை வைப்பதே அது. மரவெட்டியின் காலில் கூப்பர் அதைக் கண்டார். அங்கியின் பொத்தானில் ஓர் ஊழியர் கண்டார். பெண்களின் உடையில் டோனா கண்டார். நம் குடும்பத் தொழில்களில் நாம் பிள்ளைகளுக்கு எழுதிவைப்பது எது என்று எண்ணும்போது, நிலத்தோடும் ஆலையோடும் இந்தக் கவனத்தையும் சேர்த்துக் கொடுக்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.