ஒரு பெயருள் மறைந்த இரு சுறாக்கள்

முதுகுத் துடுப்புகளின் முன்னே முள்ளுடைய சிறு சுறாவிற்கு 'சுகுவாலசு அகாந்தியாசு' என 1758-இல் பெயரிட்டவர் இலின்னேயசு. அகாந்தா என்பது கிரேக்கத்தில் முள்ளைக் குறிக்கும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, வடபசிபிக் கடலின் முட்சுறாவைச் சார்லசு சிரார்டு தனியினமாகக் கொண்டு, சக்லி என்பார் பெயரால் 'சக்லேயி' என வழங்கினார். பின்வந்தோர் இரண்டும் ஒன்றே எனத் துணிந்து பிற்பெயரைக் களைந்தனர். வடிவொப்புமை அத்தகையது, அவர்களைக் குறைகூறல் தகாது.

ஆயின் வாழ்வோ பெரிதும் வேறு. இரண்டும் ஏறத்தாழ ஈராண்டு சூல் சுமப்பனவே. எனினும் அட்லாண்டிக்கின் பெண்சுறா பன்னிரண்டாண்டளவில் பருவமெய்த, வடபசிபிக்கினது 35 ஆண்டளவிலேயே எய்தும். எண்பதாண்டு கடந்தும் வாழும். 1940-களில் உயிர்ச்சத்து 'ஏ' செறிந்த ஈரல் எண்ணெய்க்காக வட அமெரிக்க மேலைக் கரையில் இது பெருவாரியாகப் பிடிக்கப்பட்டது. அவ்வேட்டையைத் தணித்தது, செயற்கை உயிர்ச்சத்தின் வரவே. முப்பதாண்டு நிரம்பிய பெண்மீனும் ஒருமுறையேனும் ஈன்றிராது வலைப்படக்கூடும் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

2010-இல் எபர்ட்டு முதலியோர் உடலளவு, முதுகெலும்பெண், மரபணு ஆகியவற்றை ஒருங்கு வைத்து ஆராய்ந்து சிரார்டின் பெயரை மீட்டனர். வியப்பு யாதெனின், தென்பசிபிக்கின் முட்சுறா அண்டைக் கடலாகிய வடபசிபிக்கினதோடு இயையாது, தொலைவிலுள்ள அட்லாண்டிக்கினதோடே ஓரினமாய் நின்றது.